மடக்கு மேஜையும் சுழல் நாற்காலியும்

பரீட்சைக்குப் போகும்போது வைத்து எழுத ஓர் அட்டை கொண்டு போகிறீர்கள். பேனா, பென்சில், ரப்பர் எல்லாம் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும். இந்த அட்டையும் பெட்டியும் ஒன்றாகி, மடக்கிப் பூட்டி எடுத்துப் போகும்படி இருந்தால் எவ்வளவு வசதி! உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிக்கொள்ளும் நாற்காலி ஒன்று இருந்து, எழுதும் பலகையும் அதனுடன் சேர்ந்தே சுற்றினால்?

இந்த இரண்டையும் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வைத்திருந்தார். அவர் தச்சர் அல்லர். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன். அவருடைய கதையைச் சொல்லும்போது இன்னொருவரின் கதையையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அந்த இன்னொருவர் உண்மையிலேயே தச்சர். அவர் பெயர் ஜான் ஹெமிங்ஸ்.

புத்தகப் பிரியர்

ஜெபர்சன் 1743-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது. தந்தை பீட்டர் ஜெபர்சன் நில அளவையாளர்; பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர். அளப்பது, வரைவது, கணக்குப் பார்ப்பது ஆகியவற்றில் மகனுக்கு இருந்த ஆசை தந்தை வழி வந்தது. ஆனால் ஜெபர்சனுக்கு 14 வயதாகும்போதே தந்தை இறந்துவிட்டார்.

சிறுவன் படிப்பை விடவில்லை. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு மொழிகளைக் கற்றான். வயலின் வாசிக்கப் பழகினான். கல்லூரி முடித்துச் சட்டம் படித்து வழக்கறிஞரானான். பிறகு ஒரு குன்றின் மேல் மாண்டிசெல்லோ என்ற வீட்டைத் தானே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கினான். ஜன்னல், கதவு, அலமாரி என ஒவ்வொன்றையும் முதலில் தாளில் வரைந்து பார்ப்பது அவன் வழக்கம். இதில் எங்கே இடைஞ்சல் இருக்கிறது, எப்படிச் சரி செய்யலாம் என்ற யோசனை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையில் அடங்கிய மேஜை

1775, 1776-ஆம் ஆண்டுகளில் ஜெபர்சன் அடிக்கடி பிலடெல்பியா நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அங்கேதான் கூடினார்கள். வீட்டிலிருந்து குதிரை வண்டியில் பல நாள் பயணம். தங்குவது வாடகை அறையில். எழுத வேண்டியதோ ஏராளம். வாடகை அறையில் நல்ல மேஜை இருக்குமா? இருந்தாலும் உயரம் சரியாக இருக்குமா?

ஜெபர்சன் தமக்கு வேண்டிய மேஜையைத் தாமே வரைந்தார். அந்த ஊரில் பெயர் பெற்ற தச்சரான பெஞ்சமின் ராண்டால்ப் அதை மஹோகனி மரத்தில் செய்து கொடுத்தார். மூடிவைத்தால் ஏறத்தாழ 37 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம்தான். புத்தகப் பைக்குள் வைத்துவிடலாம்! மேல் பலகை கீல் வைத்து மடிக்கப்பட்டிருக்கும். விரித்தால் எழுதும் இடம் இரண்டு மடங்காகும். சாய்வாக நிறுத்திக்கொள்ளலாம். எழுதும் பக்கத்தில் பச்சைத் துணி ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் பூட்டுப் போட்ட ஓர் இழுப்பறை. அதற்குள் காகிதம், இறகுப் பேனா, மைப்புட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம்.

1776 ஜூன் மாதம் ஒரு பெரிய வேலை அவரிடம் வந்தது. இனி நாங்கள் சுதந்திர நாடு என்று உலகுக்கு அறிவிக்கும் பிரகடனத்தை எழுத ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. முதல் வரைவை எழுதும் பொறுப்பு 33 வயது ஜெபர்சனுக்குக் கிடைத்தது. ஒரு கொத்தனார் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே அந்தச் சின்ன மேஜையை விரித்து வைத்து எழுதினார். மனிதர்கள் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கருத்து அதன் தொடக்கத்திலேயே வருகிறது. ஜூலை 4-ஆம் தேதி பிரகடனம் ஏற்கப்பட்டது. இன்றும் அந்த நாள்தான் அமெரிக்காவின் சுதந்திர தினம்.

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். ஜெபர்சனுக்குப் பணிவிடை செய்ய வந்த 14 வயதுச் சிறுவன், ராபர்ட் ஹெமிங்ஸ். உங்களில் பலருக்கு ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால் அவன் ஓர் அடிமை. நினைத்தால் வீட்டுக்குப் போக முடியாது. சம்பளம் கேட்க முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஆடு மாடு போல விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. ஜெபர்சனின் மாமனார் இறந்தபோது அவருடைய சொத்தாக நிலமும் 135 அடிமைகளும் ஜெபர்சனுக்கு வந்தனர். அவர்களில் ராபர்ட்டின் தாய் எலிசபெத் ஹெமிங்ஸும் ஒருவர். பிரகடனம் எழுதப்பட்ட அதே 1776-இல் அந்தத் தாய்க்கு இன்னோர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் ஜான் ஹெமிங்ஸ். பிறக்கும்போதே அடிமை!

சுழன்ற நாற்காலி

இப்போது நாற்காலிக்கு வருவோம். பிலடெல்பியாவில் வாங்கிய ஒரு சாதாரண மர நாற்காலியை ஜெபர்சன் மாற்றியமைத்தார். உட்காரும் பலகை ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. கீழ்ப் பலகையில் கால்கள். மேல் பலகையில் முதுகுச் சாய்வு. இரண்டையும் நடுவே ஓர் இரும்பு அச்சு இணைத்தது. பலகைகளுக்கு இடையில் சின்னஞ்சிறு உருளைகள் வைக்கப்பட்டன. அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? கயிறு கட்டி மேலே தூக்கும் ஜன்னல்களில் கயிறு சுலபமாக ஓட உருளைகள் வைப்பார்கள். அதே வகை உருளைகள்தான். ஜன்னலுக்கு உதவிய பொருள் நாற்காலியைச் சுழலவைத்தது!

பின்னாளில் அந்த நாற்காலியின் கையில் அகலமான எழுதுபலகையும் சேர்ந்துகொண்டது. கால் நீட்டிக்கொள்ள முன்னால் ஒரு நீண்ட இருக்கையைப் போட்டுக்கொள்வார். திரும்பினால் ஒரு பக்கம் மேஜை, இன்னொரு பக்கம் புத்தகங்கள். எழுந்திருக்கவே வேண்டாம். அரசியலில் அவருக்கு எதிராக இருந்தவர்கள், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கத்தான் இந்த நாற்காலி என்று கேலி செய்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவு வசதி எதற்கு, சோம்பலா? இல்லை. 1786-இல் பாரிஸ் நகரில் இருந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அது சரியாகக் குணமாகவே இல்லை. கொஞ்ச காலம் இடக் கையால் எழுதப் பழகினார். வயதாக ஆக வலி கூடியது. அப்படியும் வாழ்நாளில் அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 19,000! வலியோடு எழுதுகிறவருக்குக் கை ஊன்ற ஒரு பலகை எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து புத்தகங்களை விரித்து வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் தாங்கியும் அவரிடம் இருந்தது. ஒரு பேனாவால் எழுதினால் அதோடு இணைந்த இன்னொரு பேனா தானாகவே நகல் எழுதும் இயந்திரத்தையும் 1804 முதல் பயன்படுத்தினார். இது வேறொருவர் கண்டுபிடித்தது. அதில் என்னென்ன திருத்தலாம் என்று ஜெபர்சன் யோசனைகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். தம் கண்டுபிடிப்பு எதற்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. நல்ல யோசனை எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மரத்தின் மொழி அறிந்தவர்

1801 முதல் 1809 வரை ஜெபர்சன் ஜனாதிபதியாக இருந்தார். அந்தக் காலத்தில் மாண்டிசெல்லோவின் தச்சுப் பட்டறையில் ஒரு இளைஞர் வளர்ந்துகொண்டிருந்தார். அவர்தான் ஜான் ஹெமிங்ஸ். முதலில் மரம் வெட்டும் வேலை. பிறகு அயர்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற தச்சரிடம் உதவியாளர். சில ஆண்டுகளில் குருவுக்குச் சமமான சீடராகிவிட்டார். ஜெபர்சன் தாளில் வரைந்து கொடுப்பதை மரத்தில் செய்து காட்டும் கை அவருடையது. நாற்காலி, அலமாரி, மேஜை, வண்டியின் மரச்சட்டம் என எல்லாம் செய்வார். எழுதப் படிக்கவும் தெரிந்துகொண்டார். அக்காலத்தில் ஓர் அடிமைக்கு இது எளிதில் கிடைக்கும் வாய்ப்பு அல்ல.

ஜெபர்சனின் பேரக் குழந்தைகளுக்கு ஜான் என்றால் உயிர். அவர்களில் எல்லன் என்ற பேத்திக்கு 1825-இல் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஜோசப் கூலிட்ஜ், பாஸ்டன் நகரத்தவர். எல்லனுக்குக் கொடுப்பதற்காக ஜான் ஓர் எழுது மேஜையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 49 வயது. எல்லனின் மற்றப் பொருள்களோடு அந்த மேஜையும் கப்பலில் பாஸ்டனுக்குப் புறப்பட்டது. வழியில் கப்பல் விபத்துக்குள்ளாகி எல்லாமே போய்விட்டன.

செய்தி கேட்ட ஜான் உடைந்துபோனார். மற்றப் பொருள்கள் போனது அவர் மனதில் பதியவே இல்லை. மேஜை போய்விட்டதே என்பதுதான் துக்கம். ஒரு பெருங்கவிஞரின் காவியம் தீயில் எரிந்துபோனால் அவர் எப்படித் துடிப்பாரோ, அதற்கு இந்தத் துயரம் குறைந்ததல்ல என்று ஜெபர்சன் பேத்திக்கு எழுதினார். இன்னொன்று செய்ய முடியுமா என்று ஜானிடம் கேட்டும் பார்த்தார். ஜான் முடியாது என்று சொல்லிவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது. பழைய மேஜையின் அமைப்பும் முழுதாக நினைவில் இல்லை.

அந்த இழப்புக்கு ஈடாக எதைக் கொடுப்பது? 82 வயது ஜெபர்சன் யோசித்தார். ஐம்பது ஆண்டுகளாகத் தம்மிடம் இருந்த அந்தப் பழைய மடக்கு மேஜையை எடுத்தார். தம் சொந்த வரைபடத்தின்படி செய்யப்பட்டது, சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய மேஜை இதுவே என்று கைப்பட ஒரு தாளில் எழுதி அதில் ஒட்டினார். பேத்தியின் கணவருக்கு அனுப்பிவைத்தார். 1880-இல் அந்தக் குடும்பத்தார் அதை அமெரிக்க அரசுக்கு வழங்கினர். இப்போது அது வாஷிங்டன் நகரத்தில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடிமையாக வாழ்ந்த ஒரு தச்சரின் மேஜை கடலில் போனது. அதற்கு ஈடாகக் கொடுக்க, சுதந்திரத்தை எழுதிய மேஜைதான் ஜெபர்சனுக்குத் தோன்றியது!

மீதிக் கதை

1826 ஜூலை 4. பிரகடனத்தின் 50-ஆவது ஆண்டு நிறைவு நாள். அதே நாளில் ஜெபர்சன் காலமானார். அவருக்குச் சவப்பெட்டி செய்தவரும் ஜான் ஹெமிங்ஸ்தான். உயிலில் ஐந்து பேரை மட்டும் ஜெபர்சன் விடுதலை செய்திருந்தார். அவர்களில் ஜானும் ஒருவர். ஓராண்டு கழித்து விடுதலை. பட்டறையின் உளி, இழைப்புளி போன்ற கருவிகளும் அவருக்கே. விடுதலை பெறும்போது ஜானுக்கு வயது 51.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஜெபர்சன் பெரும் கடனை வைத்துவிட்டுப் போயிருந்தார். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் நாற்காலி, மேஜைகளோடு 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். உயிலால் விடுதலை பெற இருந்த கொல்லர் ஜோ பாசெட், தம் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்படுவதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தது. ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை முறை தவறு என்று அவரே எழுதியும் இருக்கிறார். தெரிந்தும் அதை விட்டுவிட அவரால் முடியவில்லை. அவருடைய பெருமைகளைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் எழுதிய அந்தக் கருத்து அவரோடு நின்றுவிடவில்லை. அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள் அதையே எடுத்துக்காட்டினார்கள். எல்லோரும் சமம் என்று எழுதிவிட்டு எங்களை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். 1865-இல் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. மேஜையில் எழுதியது வீட்டு வாசலுக்கு வந்து சேர 89 ஆண்டுகள் ஆயின.

பிள்ளைகளே! ஜெபர்சனிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு பொருள் இடைஞ்சல் தந்தால் முணுமுணுக்காமல், அதை எப்படி மாற்றலாம் என்று வரைந்து பாருங்கள். அவரிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. நல்லது என்று நாம் எழுதுவதை, பக்கத்தில் நிற்கிறவருக்குத் தராமல் இருப்பது. நாளை பள்ளியில் பெஞ்சில் உட்காரும்போது அதன் விளிம்பைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கை கிழிபடாமல் இருக்க யாரோ ஒருவர் அதை இழைத்திருக்கிறார். அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.