ஓர்வில் ரைட்டும் ஒரு முழ விமானமும்

ரைட் சகோதரர்கள் என்றவுடன் பள்ளிப் பிள்ளையும் 1903 என்று சொல்லிவிடும். கிட்டி ஹாக் மணல்வெளி, டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடி - இவையெல்லாம் நாம் தேர்வுக்காக நெட்டுருப் போட்டவை. அந்தப் பன்னிரண்டு விநாடியில் விமானத்தின்மேல் குப்புறப் படுத்திருந்தவர் தம்பி ஓர்வில் ரைட். ஆனால் ஓர்வில் என்னும் மனிதரை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டிய விமானம் அதுவன்று என்பது என் கருத்து. ஆறு ஆண்டுகள் கழித்து, 1909-இல், அமெரிக்கத் தரைப்படை விலை கொடுத்து வாங்கிய இரட்டை இறக்கை விமானமே அது. உலகின் முதல் இராணுவ விமானம் என்று பெயர் பெற்றதும் அதுதான்.

இக்கருத்து புத்தகத்தால் மட்டும் எனக்கு வந்ததன்று. கோடை விடுமுறையில் அவ்விமானத்தின் மாதிரி ஒன்றை மூங்கிலாலும் நூலாலும் நானே செய்தேன். கடையில் விற்கும் பெட்டியை வாங்கி ஒட்டியதன்று. ஒவ்வொரு குச்சியும் சீவி எடுத்தது. அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டேன். 36½ அடி இறக்கை 18¼ அங்குலமாயிற்று. நம் கணக்கில் ஒரு முழம். எடைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் 24-இல் ஒரு பங்கானால், எடை 24-ஐ மும்முறை பெருக்கி வரும் 13,824-இல் ஒரு பங்காக வேண்டுமல்லவா? அசல் விமானம் ஏறத்தாழ 740 பவுண்டு. மாதிரிக்கு உரியது 24 கிராம்! மூங்கிலுக்கு எட்டாத எடை அது. இயற்பியல் படிக்கும் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இதே கணக்குதான் ஓர்வில்லைச் சிறு வயதிலேயே குழப்பியிருக்கிறது.

ஓர்வில் பிறந்தது 1871 ஆகஸ்டு 19. ஊர், ஒகாயோ மாநிலத்து டேட்டன். தந்தை மில்டன் ரைட் ஒரு பிஷப். 1878-இல் ஒருநாள் ஊரிலிருந்து திரும்பிய தந்தை பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை கொண்டு வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிய ரப்பர் - இவ்வளவே அதன் உடம்பு. பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் பெனோ வகுத்த அமைப்பு அது. கையை விட்டதும் கூரை வரை எழும்பும். ஓர்வில்லும் நான்கு வயது மூத்த வில்பரும் அதற்கு வௌவால் என்று பெயரிட்டனர். பொம்மை உடைந்ததும் அதைப் பார்த்துத் தாமே செய்தனர், அவையும் பறந்தன. பிறகு சற்றுப் பெரிதாகச் செய்தனர், பறக்கவில்லை. இன்னும் பெரிதாகச் செய்தனர். தரையை விட்டு அசையவே இல்லை. அளவு இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? வௌவாலை விட்டுப் பட்டத்துக்குத் திரும்பினர். ஓர்வில் மெல்லிய குச்சிகளால் நல்ல பட்டங்கள் செய்து நண்பர்களுக்கு விற்றாராம்.

கைத்திறன் தாய்வழிச் சொத்து. அன்னை சூசன், வண்டி செய்யும் பட்டறைக்காரரின் மகள். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் தாமே செய்து கொடுப்பவர். எலும்புருக்கி நோயால் 1889-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் ஓர்வில், தாமும் அண்ணனும் கட்டிய அச்சு இயந்திரத்தில் ஒரு சிறு செய்தித்தாளை அச்சிட்டு வெளியிட்டார். உயர்நிலைப் பள்ளியை அவர் முடிக்கவில்லை. பின் மிதிவண்டிக் கடை. 1896 முதல் சொந்த மிதிவண்டித் தயாரிப்பு. அந்த ஆண்டு டைபாய்டு காய்ச்சலில் ஓர்வில் வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடக்க, வில்பரும் தங்கை காத்தரினும் இரவு பகலாகக் கண்விழித்துக் காத்தனர். ஜெர்மனியில் லிலியந்தால் என்னும் பெரியவர் கிளைடரிலிருந்து விழுந்து மாண்டதும் அதே கோடையில்தான்.

1899-இல் வில்பர் கடையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவாக்கில் முறுக்கினார். நண்பர்களும் ஒரு பற்பசைப் பெட்டியின் இரு முனைகளையும் திறந்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழும், மறுபக்கம் உயரும், பெட்டி உடையாது. அதுவே ரைட் விமானத்தின் உயிர்நிலை. இறக்கைகளை அவ்வாறு முறுக்கியே அவர்கள் விமானத்தைச் சாயாமல் நிறுத்தினர். மாதிரி செய்யும்போது இது விரலுக்குத் தெரிகிறது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே குறுக்கும் நெடுக்கும் நூலை இழுத்துக் கட்டும்வரை கூடு தள்ளாடும். கட்டியபின் நடுப்பகுதி கல்லாக நிற்கும். ஓரங்கள் மட்டும் முறுக்கத்துக்கு இடம் கொடுக்கும்.

1901-இல் அவர்கள் செய்த கிளைடர் எதிர்பார்த்தபடி பறக்கவில்லை. நூல்களில் கண்ட கணக்குகளையே ஐயுற்றனர். ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றை ஓட்டி, உள்ளே உள்ளங்கை அளவுள்ள தகட்டு இறக்கைகளை வைத்து அளந்தனர். ஏறத்தாழ 200 வடிவங்கள்! சிறுவயதில் பொம்மையைப் பெரிதாக்கித் தோற்றவர்கள், பெரியதைச் சிறிதாக்கி வென்றனர். அடுத்த ஆண்டின் கிளைடர் சொன்னபடி கேட்டது. சுழல்விசிறியும் சுழலும் ஓர் இறக்கையே என்று கண்டதும் அவர்களே. அதற்காக இருவரும் வீடதிரச் சண்டையிட்டு, முடிவில் ஒருவர் கட்சியை மற்றவர் பிடித்துக்கொண்டு மீண்டும் சண்டையிடுவார்களாம்!

இனி இராணுவ விமானத்துக்கு வருவோம். 1907 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் சிக்னல் பிரிவு தன் நிபந்தனைகளை வெளியிட்டது. இருவரைச் சுமக்க வேண்டும்; ஒரு மணி நேரம் வானில் நிற்க வேண்டும்; மணிக்கு 40 மைல் வேகம் வேண்டும். ஒப்பந்த விலை 25,000 டாலர். 40-க்கு மேல் ஒவ்வொரு முழு மைலுக்கும் பத்து விழுக்காடு கூடுதல் உண்டு. 1908-இல் வில்பர் பிரான்சு செல்ல, ஓர்வில் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மையர் கோட்டைக்குத் தனியே சென்றார். செப்டம்பர் 9 அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்று ஊரையே வியக்க வைத்தார்.

செப்டம்பர் 17 மாலை. உடன் ஏறியவர் லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், வயது 26. கிரகாம் பெல் நடத்திய போட்டிக் குழுவைச் சேர்ந்தவர் அவர். தம் நுட்பங்களை வேவு பார்க்க வந்தவரோ என்று ஓர்வில்லுக்கு அவர்மேல் ஐயம் இருந்தது. ஆயினும் படை அனுப்பிய அதிகாரியை மறுக்க முடியுமா? பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பறந்தார்.

விமானத்தின் பின்புறம் இரண்டு விசிறிகள். எஞ்சினிலிருந்து மிதிவண்டிச் சங்கிலி போன்ற இரு சங்கிலிகள் அவற்றைச் சுழற்றும். ஒரு சங்கிலி எட்டுப் போல் குறுக்காக ஓடும். அதனால் விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும். அவற்றுக்கும் பின்னால், மெல்லிய சட்டங்களிலும் கம்பிகளிலும் நிற்பது இரட்டைச் சுக்கான். என் மாதிரியில் இந்த வால் பகுதிக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. அசலின் ஓர் அங்குலம் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். விசிறியின் நுனி தன் தடத்தைவிட்டுச் சற்றே விலகினாலும் வாலை இழுத்துப் பிடிக்கும் நூலில் உராயும் என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. அன்று நடந்ததும் அதுவே. வலப்புற விசிறியின் ஓர் இதழ் நீளவாக்கில் பிளந்தது. விசிறி அதிர்ந்து விலகியது. நுனி வால் கம்பியில் பட்டு அதைப் பிடுங்கியது. சுக்கான் சாய, விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. செல்ஃப்ரிட்ஜ் அன்றிரவே உயிர்நீத்தார். விசையூட்டிய விமானத்தில் இறந்த முதல் மனிதர் அவர். ஓர்வில்லுக்கு இடத் தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன.

ஏழு வாரம் மருத்துவமனை. லத்தீன் ஆசிரியையான காத்தரின் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்து கட்டிலருகே இருந்தார். ஓர்வில் செய்தது என்ன தெரியுமா? உடைந்த துண்டுகளைக் கட்டிலுக்கே வரவழைத்து, விசிறியையும் கம்பியையும் கையில் வைத்துப் பார்த்து, எது முதலில் உடைந்தது, எது அதன்பின் என்று வரிசைப்படுத்தினார். தம் கையால் ஆன பொருள் ஓர் உயிரைக் கொண்டது. அதன் காரணத்தை அவரே தேடினார். ஓர்வில்லின் வாழ்வில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது கிட்டி ஹாக் அன்று, இந்தக் கட்டில்தான்.

1909 கோடையில் ஊன்றிய காலோடு அதே திடலுக்கு வந்தார். செல்ஃப்ரிட்ஜ் அடக்கம் செய்யப்பட்ட ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம் அதனருகில்தான். விமானம் புதியது, இறக்கை சிறியது. எஞ்சின் மட்டும் முந்தைய ஆண்டு விழுந்ததே. ஜூலை 27 அன்று லெப்டினன்ட் லாமுடன் ஒரு மணி 12 நிமிடம் பறந்தார். குடியரசுத் தலைவர் டாஃப்ட் நேரில் பார்த்தார். 30-ஆம் நாள் லெப்டினன்ட் ஃபுலாயுடன் காடும் மேடும் கடந்து அலெக்சாண்டிரியா சென்று திரும்பினார். பத்து மைல்; சராசரி வேகம் 42.58 மைல். இரண்டு முழு மைலுக்கு 5,000 டாலர் கூடுதல். ஆகஸ்டு 2 அன்று படை 30,000 டாலருக்கு அதை ஏற்றுக்கொண்டது. பின் டெக்சாசில் ஃபுலாய், ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டே அதில் தனியே பறக்கக் கற்றார். ஆசனத்திலிருந்து தூக்கி எறியப்படாமலிருக்க ஒரு தோல்வாரால் தம்மைக் கட்டிக்கொண்டாராம்! 1911-இல் அவ்விமானம் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

1912 மே 30 அன்று டைபாய்டு வில்பரைக் கொண்டது. தம்பியை விட்டுவைத்த அதே நோய். ஓர்வில் 1915-இல் கம்பெனியை விற்றார். 1918-க்குப் பின் விமானம் ஓட்டவில்லை. முதலில் பறக்க வல்ல விமானம் லாங்லியுடையதே என்று ஸ்மித்சோனியன் வாதிட்டதால், 1928-இல் தம் 1903 விமானத்தை லண்டனுக்கே அனுப்பிவிட்டார். 1942-இல் அந்நிறுவனம் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. 1948 ஜனவரி 30 அன்று அவர் காலமானார். அவ்வாண்டின் இறுதியில்தான் விமானம் வாஷிங்டன் வந்தது.

அந்த நெடுஞ்சண்டையின் நடுவே அவர் ஒரு பொம்மை செய்தார். அண்ணன் லோரின் நடத்திய மரப்பொம்மைக் கம்பெனிக்காக. 1925-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒரு விற்பலகையில் கோமாளிப் பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கும். பலகையை விடுவித்தால் கோமாளி காற்றில் குட்டிக்கரணம் அடித்துப் பறந்துபோய், எதிரே ஆடும் ஊஞ்சல் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கும்.