காற்றைக் கட்டிய கால்நடை மருத்துவர்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்

மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்த ஒருவர் உலகின் சக்கரங்களையே மாற்றியமைத்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தான் ஜான் பாய்டு டன்லப். டயரின் மேல் பொறித்திருக்கும் ஒரு கம்பெனியின் பெயராகவே நம்மில் பலர் டன்லப்பை அறிவோம். அப்பெயருக்குப் பின்னால் வெற்றியும் ஏமாற்றமும் கலந்த ஒரு மனித வாழ்க்கை உண்டு.

இளமையும் தொழிலும்

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பம் ஒன்றில் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் டன்லப் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று 19 வயதிலேயே தேர்ச்சி பெற்றார். 1867-இல் அயர்லாந்தில் குடியேறினார். பின்னர் பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவமனை நன்கு வளர்ந்தது. 47 வயது வரை தொழிலுண்டு, குடும்பமுண்டு என்றே அவர் வாழ்ந்தார்.

மகனின் மூன்று சக்கர வண்டி

பெல்பாஸ்ட் தெருக்கள் கல் பாவியவை. அக்கால மிதிவண்டிகளுக்கோ கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள். மகன் ஜானியின் மூன்று சக்கர வண்டி அக்கற்களின் மேல் குலுங்கிக் குலுங்கி ஓடுவதைக் கண்ட டன்லப், 1887-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை செய்தார்.

வட்டமான மரப்பலகை ஒன்றின் விளிம்பில், மெல்லிய ரப்பர்த் தகட்டால் தாமே செய்த குழாயைச் சுற்றி, லினன் துணியால் மூடி ஆணியடித்தார். கால்பந்துப் பம்பால் காற்றடித்து, கால்பந்தின் வாயைக் கட்டுவதுபோல் குழாயின் வாயையும் கட்டினார். பின், வண்டியின் சக்கரத்தையும் இப்பலகையையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் முற்றத்தின் கோடியை எட்டாமலே சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது!

இதன் காரணம் எளிது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையே தூக்கிப் போடுகிறது. முன்னேறப் பயன்பட வேண்டிய ஆற்றல் வீணாகிறது. காற்றடைத்த சக்கரம் கல் உள்ள இடத்தில் மட்டும் உள்வாங்கி, கடந்ததும் பழைய வடிவம் பெறுகிறது.

1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889 மே மாதம் பெல்பாஸ்டின் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்னும் வீரர் காற்று டயர் பூட்டிய மிதிவண்டியில் பந்தயங்களை வென்றார். அவ்வாண்டே டப்ளினில், ஹார்வி டு குரோஸ் என்பவரின் தலைமையில் கம்பெனி உருவாயிற்று.

பேரிடி

1890-இல் ஒரு பேரிடி விழுந்தது. இதே கருத்துக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றிருந்தது தெரியவந்தது. டன்லப் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. எனினும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமற் போயிற்று.

அப்படியானால் தாம்சனின் சக்கரம் ஏன் மறக்கப்பட்டது? டன்லப்பின் சக்கரம் ஏன் நிலைத்தது? தாம்சனின் காலத்தில் அதை விரும்பி வாங்க மிதிவண்டிக் கூட்டம் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, பழுது பார்க்கும் வசதி. டன்லப்பின் முதல் டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. பஞ்சர் ஆனால் உரித்தெடுக்க வேண்டும். 1890-இல் வெல்ச், பார்ட்லெட் ஆகியோர் கழற்றி மாட்டக்கூடிய டயர்களுக்கு வழி கண்டனர். அவர்களுடைய உரிமைகளை வாங்கித்தான் கம்பெனி பிழைத்தது.

சார்லஸ் வுட்ஸ் என்பவர் 1891-இல் அருமையான வால்வு ஒன்றை அளித்தார். சிறு குழலின் பக்கத்தில் ஒரு துளை. அதன்மேல் இறுக்கமான ரப்பர் உறை. பம்பின் அழுத்தம் உறையை விலக்கி உள்ளே செல்லும். உள்ளிருக்கும் அழுத்தம் அதே உறையை அழுத்தி வழியை அடைத்துவிடும். சைக்கிள் கடையில் நாம் கேட்டு வாங்கும் வால்வு டியூப் இந்த ரப்பர் உறையே!

வயலுக்கு வந்த டயர்

பின்னர் அமெரிக்காவின் ஷ்ரேடர் குடும்பத்தார் ஸ்பிரிங் பொருத்திய ஊசி வால்வை உருவாக்கினர். 1932-இல் அந்நாட்டில் இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாகக் காற்று டயர் பூட்டிய டிராக்டரும் விற்பனைக்கு வந்தது.

எங்கள் ஊரில் டிராக்டரின் பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவார்கள். எடை கூடுவதால் உழும்போது சக்கரம் வழுக்காது. மீதிக் கால் பங்கு காற்று மெத்தைபோல் இருக்கும். வால்வு கசிந்தால் மெக்கானிக் அண்ணன் செய்யும் வேலையைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஜாக்கியால் அச்சைத் தூக்கி, வால்வு உச்சிக்கு வருமாறு சக்கரத்தைத் திருப்புவார். தண்ணீர் கீழே தங்க, உச்சியில் காற்று மட்டுமே இருக்கும். காற்றை மெல்ல விட்டபின் ஊசியைக் கழற்றிப் பார்ப்பார். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் புது ஊசி போதும். தண்டின் அடியிலேயே கசிந்தால் தண்ணீரை இறக்கி டியூபை வெளியே எடுத்தாக வேண்டும். முடிவில் காற்றடித்துச் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். பனி உறையும் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கரைப்பார்கள். அவ்வுப்பு வால்வின் உலோகத்தை அரிப்பதால் அங்கே இவ்வேலை இன்னும் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் பாயிலின் விதியைப் படித்தபோது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்த அண்ணனின் கைகளே என் நினைவுக்கு வந்தன. விதியின் பெயர் அவருக்குத் தெரியாது. அதன் நடைமுறை நன்றாகத் தெரியும்.

இறுதி நாட்கள்

1896-இல் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. அதற்கு முன்பே விலகிவிட்ட டன்லப்புக்கு அப்பெருஞ்செல்வம் கிட்டவில்லை. டப்ளினில் துணி வணிகத்தில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்த அவர், 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் மறைந்தார்.

முதலில் நினைத்தவர் தாம்சன்; நினைத்ததை ஓட்டிக் காட்டியவர் டன்லப்; பழுதானால் வழியோரத்திலேயே சரிசெய்யும்படி ஆக்கியவர்கள் வெல்ச், பார்ட்லெட், வுட்ஸ் போன்றோர். பெயர் நின்றதோ ஒருவருக்குத்தான். அறிவியல் பயிலும் நாம் டன்லப்பைப் போற்றுவோம். அவரோடு, அவர் கட்டிய காற்றை இன்றும் கசியாமல் காத்துவரும் பெயரறியாக் கைகளையும் போற்றுவோம்!