கூடாரங்களைக் கண்டவர்

1901 சனவரி 24 அன்று, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் நகரில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி தொடர்வண்டியிலிருந்து இறங்கினார். உணவும் உடையும் ஏற்றிய சரக்குப்பெட்டி ஒன்றும் அவருடன் வந்தது. அவரே எமிலி ஹாப்ஹவுஸ்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1860ஆம் ஆண்டு சமயகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். தாயின் மறைவுக்குப்பின் தந்தையைப் பேணுவதிலேயே அவரது இளமை கழிந்தது. தந்தையும் மறைந்தபின்னரே பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார்.

1899இல் ஆங்கிலேயருக்கும், டச்சு மரபினரான போயர்களுக்கும் போர் மூண்டது. மறைந்திருந்து தாக்கிய போயர் வீரர்களுக்கு உணவும் உதவியும் கிடைக்காதிருக்க, ஆங்கிலேயப் படை ஏறத்தாழ 30,000 பண்ணைவீடுகளை எரித்தது. வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றை ஏதிலியர் புகலிடங்கள் என்றே அரசு அழைத்தது.

எமிலி கண்டது வேறு. நகருக்கு வெளியே, நிழலற்ற குன்றுச்சரிவில் கூடாரங்கள் நின்றன. ஒரே கூடாரத்தில் பலர் நெருக்குண்டு கிடந்தனர். குடிநீரோ கலங்கியது, காய்ச்சிக் குடிக்க விறகில்லை. சோப்பு ஆடம்பரப் பொருள் என்று மறுக்கப்பட்டது. போர்க்களத்தில் இன்னும் போரிடுவோரின் குடும்பங்களுக்குத் தொடக்கத்தில் உணவுப்பங்கும் குறைக்கப்பட்டது. தந்தை சரணடையாமைக்குப் பச்சிளங்குழந்தை பட்டினி கிடந்தது! எமிலி அதிகாரிகளிடம் வாதாடிச் சோப்பு பெற்றார். பிற முகாம்களைக் கண்டு ஏப்ரலில் திரும்பியபோது, ஏறத்தாழ 2,000 பேர் இருந்த புளூம்ஃபோன்டைன் முகாமில் 4,000 பேர் இருந்தனர். அவர் பெற்றுத் தந்த வசதிகள் எம்மாத்திரம்?

தாயகம் திரும்பி, கண்டவற்றை அறிக்கையாக வெளியிட்டார். நாட்டுக்குத் துரோகம் செய்தவர் என இதழ்கள் பழித்தன. அரசு அமைத்த பெண்கள் குழுவில் அவருக்கு இடமில்லை. எனினும் மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலான அக்குழு அவர் கூறிய குறைகளுள் பெரும்பாலானவற்றை உறுதிசெய்தது. 1901 அக்டோபரில் மீண்டும் கேப்டவுன் சென்ற எமிலி, கரையிறங்க விடப்படாமல் வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்.

போர் முடிவதற்குள் அம்முகாம்களில் ஏறத்தாழ 28,000 போயர்கள் மாண்டனர். அவர்களுள் 22,000க்கும் மேற்பட்டோர் சிறார். கறுப்பின மக்களுக்கெனத் தனியே இருந்த முகாம்களிலும் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். அவற்றின் அவலத்தைக் கேள்வியுற்றும் எமிலி அங்குச் சென்று ஆராயவில்லை. அவரது பணியில் எஞ்சிய பெருங்குறை இது.

போருக்குப்பின் பிலிப்போலிஸ் உள்ளிட்ட ஊர்களில் போயர் பெண்களுக்கு நூற்பும் நெசவும் கற்பிக்கும் பள்ளிகளைத் தொடங்கினார். 1913இல் முகாம்களில் இறந்தோருக்கான நினைவுத்தூண் திறப்புக்குப் புறப்பட்டவரை நோய் வழியிலேயே தடுத்தது. அக்காலத்தில் காந்தியடிகளின் அறப்போரில் தமிழ்ப் பெண்கள் பலர் சிறையிலிருந்தனர். தில்லையாடி வள்ளியம்மையும் அவர்களுள் ஒருவர். அவர்களைச் சிறையிலிட்ட அரசின் அமைச்சர் ஸ்மட்ஸ், முன்னாள் போயர் படைத்தலைவர், எமிலியின் நண்பர். இந்தியரின் கோரிக்கைக்குச் செவிசாய்க்குமாறு எமிலி அவரை வற்புறுத்தினார். 1914இல் காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸுக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

1926 சூன் 8 அன்று இலண்டனில் எமிலி காலமானார். அவரது சாம்பல் கடல்கடந்து கொண்டு செல்லப்பட்டு, திறப்புநாளில் அவரால் காண இயலாத அந்நினைவுத்தூணின் அடியில் வைக்கப்பட்டது.