பீடத்தின் பணியில் ஓர் இசைமேதை
சேசர் பிராங்க் (1822 – 1890)

நற்கருணைப் பெருவிழாவின்போதும், புதுநன்மை வாங்கும் சிறுவர் சிறுமியர் பீடத்தை அணுகும் வேளையிலும், உலகின் எத்தனையோ ஆலயங்களில் ‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’ என்னும் இலத்தீன் பாடல் ஒலிப்பதைக் கேட்கிறோம். அதன் சொற்களைத் தந்தவர் 13-ஆம் நூற்றாண்டின் மாபெரும் மறைவல்லுநர் புனித தாமஸ் அக்குவினா. அச்சொற்களுக்கு இன்று எங்கும் பாடப்படும் மெட்டை 1872-இல் அமைத்தவர் பாரிஸ் மாநகரின் ஒரு பங்கு ஆலயத்தில் ஆர்கன் வாசித்து வந்த சேசர் பிராங்க்.

யூபிலி மலரில் ஆயர்களையும், மறைபரப்புக் குருக்களையும், பங்கின் முன்னோடிகளையும் நினைவுகூர்கிறோம். அவர்களோடு, ஞாயிறு தவறாமல் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து நம்மைப் பாடவைத்தவர்களையும் நினைப்பது நன்றிக்கடன் ஆகும். அத்தகைய தொண்டர் அனைவருக்கும் மூத்த அண்ணன் போன்றவர் பிராங்க். அவரது வாழ்வை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

தந்தையின் கனவு

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லியேஜ் நகரில் அவர் பிறந்தார். இன்று அந்நகர் பெல்ஜியத்தில் உள்ளது. அவர் பிறந்தபோது பெல்ஜியம் என்னும் நாடே உருவாகவில்லை. தாயார் ஜெர்மானிய வழியினர். தந்தை நிக்கோலா ஜோசப் வங்கி எழுத்தர். பெரும் ஆசைகள் கொண்டவர். மகனின் விரல்களில் இருந்த திறமையை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். பியானோ வாசித்து ஐரோப்பாவையே வியக்கவைத்த லிஸ்டைப் போலத் தம் மகனும் மேடையேறிப் பொருளும் புகழும் ஈட்டவேண்டும் என்பதே அவரது கனவு.

1835-இல், மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கையில், ஊர் ஊராகக் கச்சேரிகள் நடத்தினார். அதே ஆண்டு குடும்பத்தோடு பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். பாரிஸ் இசைக்கல்லூரி வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால் 1837-இல் பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றார். மகன் ஏமாற்றவில்லை. 1838-ஆம் ஆண்டுப் போட்டியில், முன்பின் பாராத ஓர் இசைத்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, அதை வேறொரு சுருதிக்கு இறக்கி அந்தக் கணமே பிழையின்றி வாசித்துச் சிறப்புப் பரிசு பெற்றார்.

ஆயினும் படிப்பு முடியும் முன்னரே, 1842-இல், தந்தை அவரைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார். மேடையும் கச்சேரியும் காத்திருக்க, படிப்பில் காலம் கழிப்பானேன் என்பது தந்தையின் எண்ணம். மகனின் உள்ளமோ வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. விவிலியத்தின் ரூத்து நூலைத் தழுவி அவர் எழுதிய இசைக்காவியம் 1846-இல் அரங்கேறியது. பாரிஸ் பெரிதாகப் பாராட்டவில்லை.

கிழிக்கப்பட்ட தாள்

அக்காலத்தில் அவரிடம் பியானோ பயின்றவர்களுள் பெலிசிடே என்னும் பெண்ணும் ஒருவர். அவருடைய பெற்றோர் நாடக நடிகர்கள். பெலிசிடேயின் பெயருக்குக் காணிக்கையாகப் பிராங்க் ஒரு பாடலை எழுதிவைத்திருந்தார். அந்தத் தாள் தந்தையின் கண்ணில் பட்டது. கடுஞ்சினம் கொண்ட தந்தை, மகன் பார்த்திருக்கவே அதைக் கிழித்தெறிந்தார்.

பிராங்க் எதிர்த்துப் பேசி நிற்கவில்லை. பெலிசிடேயின் வீட்டுக்குச் சென்று, கிழிந்துபோன பாடலை நினைவிலிருந்தே மீண்டும் எழுதி அவரிடம் கொடுத்தார். பின்னர் தந்தையின் வீட்டை விட்டு வெளியேறி, இசை கற்பித்துத் தம் உழைப்பில் வாழத் தொடங்கினார். 1848 பிப்ரவரி 22-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்று பாரிசில் புரட்சி வெடித்திருந்தது. தெருவில் மறியலுக்காகக் குவித்திருந்த தடைகளின்மேல் ஏறிக் கடந்தே மணமக்கள் ஆலயத்தை அடைந்தனர்.

மேடையின் புகழைத் துறந்தவருக்கு ஆலயம் இடம் தந்தது. திருமணம் நடந்த அதே நோத்ர்-தாம்-த-லொரெத் ஆலயத்தில் துணை ஆர்கனிஸ்ட் பணி. 1850-களில் மற்றொரு சிறிய ஆலயத்தில் பொறுப்பு. பின்பு, 1858-இல், புதிதாகக் கட்டப்பட்டிருந்த புனித குளோத்தில்தா ஆலயத்தின் பாடகர் குழுத் தலைமை. அங்கு புகழ்பெற்ற ஆர்கன் சிற்பி கவாயே-கோல் அமைத்த மாபெரும் ஆர்கன் 1859 டிசம்பர் 19-ஆம் நாள் தொடக்க விழாக் கண்டது. அதன் பொறுப்பை ஏற்ற பிராங்க், இறக்கும்வரை, ஏறக்குறைய 31 ஆண்டுகள், அந்த இருக்கையை விட்டு அகலவில்லை.

ஆர்கன் மாடம்

ஆர்கன் அமைந்திருந்த இடம் ஆலய வாயிலுக்கு மேலே உள்ள மாடம். கீழே இருக்கும் இறைமக்களுக்கு வாசிப்பவரின் முகம் தெரியாது. அங்கே அமர்ந்து, வருகைக்கும், காணிக்கைக்கும், திருவிருந்துக்கும் ஏற்றவாறு, பெரும்பாலும் தாள் ஏதுமின்றி அந்தந்த வேளையில் உள்ளத்தில் எழுந்த இசையையே அவர் பொழிந்தார். 1866 ஏப்ரலில் லிஸ்ட் அவர்களே அந்த மாடத்திற்கு வந்து கேட்டார். பாக் என்னும் மாமேதைக்கு அருகில் வைக்கத்தக்கவர் இவர் என்று வியந்து திரும்பினார். சிறுவயதில் யாரைப் போல ஆகவேண்டும் என்று தந்தை விரட்டினாரோ, அவரே படியேறி வந்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

எழுந்தேற்ற வேளையில் பிராங்க் இருக்கையை விட்டு எழுந்து மாடத்திலேயே முழந்தாளிட்டு ஆராதிப்பார் என்று அவருடைய சீடர் வென்சான் தாந்தி எழுதிவைத்திருக்கிறார். இசை அவருக்கு வழிபாட்டின் அணிகலன் அல்ல, வழிபாடேதான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 31 ஆண்டுகள், ஞாயிறுதோறும், திருநாள்தோறும் அவர் அந்த மாடத்தில் பொழிந்த இசை இன்று எங்கே? ஒலிப்பதிவு பரவாத காலம் அது. வாசித்த இசை தூபப் புகைபோல் மேலே சென்று மறைந்துவிட்டது. தாளில் எழுதியது மட்டுமே நமக்கு மிஞ்சியது. ஆர்கனுக்கென அவர் எழுதியவற்றுள் பெரும் படைப்புகள் பன்னிரண்டே: 1868-இல் வெளிவந்தவை 6, 1878-இல் எழுதியவை 3, 1890-இல் எழுதியவை 3. இந்தப் பன்னிரண்டும் உலகெங்கும் ஆர்கன் பயில்வோரின் கைகளில் இன்றும் தவழ்கின்றன.

‘பானிஸ் ஆஞ்செலிக்குஸ்’ பிழைத்ததும் தாளினால்தான். மூன்று குரலுக்காக முன்பே எழுதியிருந்த திருப்பலி இசையில் 1872-இல் அதைச் சேர்த்தார். ஆர்கன், ஹார்ப், செல்லோ ஆகியவை துணைநிற்க, முதலில் ஒரு குரல் தனித்துப் பாடுகிறது. மெட்டு மீண்டும் வரும்போது ஒரு குரல் முன்னே செல்ல, மற்றொன்று அதே மெட்டைச் சற்றுப் பின்னே தொடர்ந்து பாடுகிறது. திருவிருந்துக்காக ஒருவர்பின் ஒருவராக நடந்து வரும் மக்களை அது நமக்கு நினைவூட்டுகிறது.

ஆர்மோனியத்துக்கு எழுதியவர்

நம் பங்கு மக்களுக்குப் பிராங்க் நெருங்கியவர் ஆவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஆர்மோனியம் என்று நாம் அழைக்கும் கருவிக்கு அப்பெயரிட்டு, 1840-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றவர் பாரிஸ் நகரத்து தெபேன். இரு கால்களால் துருத்தியை மிதித்து வாசிக்கும் கருவி அது. மிதிக்கும் வேகத்திற்கேற்ப ஒலி ஏறும், இறங்கும். குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற சிற்றூர் ஆலயங்களுக்கு அது வரப்பிரசாதமாக வந்தது. மறைபரப்பாளரோடு நம் நாட்டுக்கும் வந்தது. 1875 வாக்கில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்குமாறு அதை மாற்றியமைத்தார். நம் உபதேசியார்கள் தோளில் சுமந்து சென்ற பெட்டியின் பூர்வீகம் இதுவே.

பிராங்கின் கைகள் மிகப் பெரியவை. விரல்களை விரித்தால் பன்னிரண்டு வெள்ளைக் கட்டைகளை எட்டும் என்பார்கள். பிறரால் எளிதில் வாசிக்க இயலாதவற்றை அவரால் எழுத முடியும், எழுதியும் இருக்கிறார். அத்தகையவர், கால்கட்டைகள் இல்லாத ஆர்மோனியத்துக்கு, சாதாரணப் பங்கு ஆலயத்தில் வாசிப்பவரை மனத்தில் கொண்டு, சின்னஞ்சிறு இசைகளை எழுதினார். ‘லொர்கனிஸ்த்’ என்னும் அத்தொகுப்பு, மாலைப் புகழில் மரியன்னையின் பாடல் பாடப்படும்போது பயன்படும்படி திட்டமிடப்பட்டது. பாடகர் ஒரு அடியைப் பாட, அடுத்த அடிக்குப் பதிலாக இசைக்கருவி ஒலிப்பது அன்றைய வழக்கம். ஆதலால் ஒவ்வொரு சுருதிக்கும் ஏழேழு துண்டுகளாக அவற்றை வகுத்தார். பழைய கிறிஸ்துமஸ் மெட்டுகளையும் பிரான்சு நாட்டுப்புற மக்களின் பாட்டுகளையும் இடையே சேர்த்தார். 1963-இல் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பின், நம் நாட்டுப்புற மெட்டுகள் ஆலயத்துக்குள் வந்ததைக் கண்ட நமக்கு, இது அந்நியமாகத் தோன்றாது.

விடியற்காலை இரண்டு மணி நேரம்

இவற்றையெல்லாம் எழுத அவருக்கு ஏது நேரம்? விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிடுவார். அடுத்த இரண்டு மணி நேரம் மட்டுமே அவருக்குச் சொந்தம். அதன்பின் பள்ளிகள், வீடுகள் என நகரெங்கும் ஓடி, வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தே குடும்பத்தைக் காத்தார். 1872-இல் பாரிஸ் இசைக்கல்லூரியில் ஆர்கன் பேராசிரியரானார். அப்போதுதான் தந்தை பெற்ற குடியுரிமை தமக்குச் செல்லாது எனத் தெரியவந்து, தாமே விண்ணப்பித்து 1873-இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். தாந்தி, சோசோன், துய்ப்பார்க் போன்ற மாணவர்கள் அவரைத் தந்தையாகவே போற்றினர்.

மலைப்பொழிவின் எட்டு பேறுகளையும் இசையில் வடிக்கவேண்டும் என்பது அவரது நெடுநாள் வேட்கை. 1869 முதல் 1879 வரை பத்தாண்டுகள் உழைத்து அதை முடித்தார். தம் வீட்டிலேயே பியானோவை வைத்து அதை இசைத்துக் காட்டினார். முழு இசைக்குழுவோடு முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாழ்நாளில் கிட்டவில்லை. 1889-இல் அரங்கேறிய அவரது சிம்பொனியும் குளிர்ந்த வரவேற்பையே பெற்றது. தாம் எண்ணியபடியே அது ஒலித்தது என்ற மகிழ்ச்சியோடு அவர் வீடு திரும்பினார். 1890 ஏப்ரலில் அவரது நால்வர் இசை அரங்கேறியபோதுதான் மக்கள் எழுந்து ஆர்ப்பரித்தனர். அப்போது அவருக்கு வயது 67.

இறுதிக் கோடை

அதே 1890-இன் நடுப்பகுதியில், அவர் சென்ற குதிரைவண்டி மற்றொரு பெருவண்டியோடு மோதியது. விலாவில் பலமான அடி. எனினும் ஓய்ந்துவிடவில்லை. அந்தக் கோடையில் நெமூர் என்னும் ஊரில் தங்கி, ஆர்கனுக்கான தமது கடைசிப் பெரும் படைப்புகளான மூன்று ‘கோரால்’களை எழுதி முடித்தார். கூடவே ஆர்மோனியத் துண்டுகளையும் எழுதினார். உலகம் போற்றும் பேரிசையும், சிற்றூர் ஆலயத்துக்கான சிற்றிசையும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் பிறந்தன.

இலையுதிர் காலத்தில் சளி பிடித்து, நோய் முற்றியது. இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று, 1890 நவம்பர் 8-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். எல்லாச் சுருதிகளுக்கும் எழுதத் திட்டமிட்ட ஆர்மோனியத் தொகுப்பு 59 துண்டுகளோடு நின்றுவிட்டது. அவர் வாசித்த அதே ஆலயத்திலேயே அடக்கத் திருப்பலி நடந்தது. 1904-இல் அந்த ஆலயத்துக்கு எதிரே அவருக்குச் சிலை எழுப்பினர். ஆர்கன்முன் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் அவர்மீது வானதூதர் ஒருவர் குனிந்திருப்பதாக அது அமைந்துள்ளது.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

மேடையைத் துறந்து மாடத்தைத் தேர்ந்தவர். சிறிய ஆலயத்துக்கு எழுதுவதைச் சிறுமையாக எண்ணாதவர். பாராட்டு வராத ஆண்டுகளிலும் ஞாயிறு தவறாதவர். இந்தப் பாடங்களோடு, யூபிலி ஆண்டில் நாம் மறக்கக்கூடாத இன்னொன்றும் அவர் வாழ்வில் உண்டு. கிழிந்த பாடலை மீண்டும் எழுதினாரே, அதனால் அது பிழைத்தது. மாடத்தில் வாசித்து எழுதாமல் விட்டதோ யாருக்கும் கிடைக்கவில்லை.

நம் பங்கிலும் தவக்காலப் புலம்பல்கள், மாதா திருநாள் பாடல்கள், சப்பரப் பவனியின் பழைய மெட்டுகள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் பல இன்று முதியோர் சிலரின் தொண்டையில் மட்டுமே வாழ்கின்றன. சொற்கள் பாட்டுப் புத்தகத்தில் அச்சாகியுள்ளன. மெட்டுகள் எங்கும் எழுதப்படவில்லை. அம்முதியோர் இருக்கும்போதே, சுரம் அறிந்த நம் பாடகர் குழு இளைஞர்கள் அருகில் அமர்ந்து, கேட்டு, தாளில் எழுதிவைப்பார்களாக. நம் பங்குக்கு இந்த விழா ஆண்டில் செய்யக்கூடிய நற்பணிகளுள் இதுவும் ஒன்று. அடுத்த யூபிலியைக் கொண்டாடும் நம் பேரப்பிள்ளைகள் அந்தத் தாள்களைப் பார்த்துப் பாடுவார்கள்.

இசையால் இறைவனைப் புகழ்ந்து, நமக்கு முன்னே சென்ற தொண்டர் அனைவரும் அவர் திருமுன் நித்திய இளைப்பாற்றி அடைவார்களாக!