தழும்பில் ஒரு பெயர்

தோழர்களே, இடது தோளைப் பாருங்க! பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கும். அதிலுள்ள 'சி' டாக்டர் அல்பேர் கால்மெத்தின் பெயர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1863-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்தார். நம்ம புதுச்சேரி மாதிரியே அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் வேலை பார்த்தார். 1891-ல் அந்தப் பக்கம் வெள்ளம் வந்தபோது நாகங்கள் கடித்துச் சிலர் இறந்தனர். அதனால் விஷமுறிவு தேடினார்.

நாகவிஷம் தசையில் நரம்பின் செய்தியை வாங்கும் இடத்தை அடைக்கும், மூச்சு நின்றுவிடும். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றினால், விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் உண்டாகும். அதையே கால்மெத் மருந்தாக்கினார். 1933-ல் மறைந்தார்.

2024-ல் பெங்களூரு, அமெரிக்க விஞ்ஞானிகள் குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் அப்படியோர் எதிர்ப்பொருளை உருவாக்கி, எலிகளைக் காப்பாற்றினார்கள்.

பாம்பு கடிச்சா மந்திரிக்கப் போகாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, நெல்லித்தோப்பு