வானத்தில் ஓடும் மின்சாரம்

துருவ ஒளியை, அதாங்க அரோராவை, கைப்பேசியில் எல்லாரும் பார்த்திருப்பீங்க. பச்சைத் திரை ஒன்று வானத்தில் ஆடுவது போல இருக்கும். மின்பொறியியல் படிக்கிற எனக்கு அந்த அழகைவிட அதன் பின்னால் ஓடும் மின்சாரம்தான் பெரிய ஆச்சரியம். அதை முதலில் கணித்துச் சொன்னவர் நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்லாந்து.

1867-ல் இன்றைய ஓஸ்லோ நகரில் பிறந்தவர். 1899-ல் வட நார்வேயின் ஹால்டே மலையில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஆய்வுக்கூடம் அமைத்துக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். அந்தப் பயணத்தில் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பனிச்சரிவில் இறந்துபோனார். ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1902-ல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா செம்ல்யா என நான்கு இடங்களில் நிலையங்கள் அமைத்து, பூமியின் காந்தப்புலத்தை ஒரே காலத்தில் அளக்க வைத்தார்.

ஆய்வகத்தில் இன்னொரு சோதனை. காற்று நீக்கிய பெட்டிக்குள் காந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினார். உருண்டையின் துருவங்களைச் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. குட்டி பூமி, குட்டி அரோரா!

அவர் கண்ட விளக்கம் இதுதான். சூரியனிலிருந்து வரும் மின்துகள்களைப் பூமியின் காந்தக் கோடுகள் துருவப் பக்கம் இழுத்து வருகின்றன. விண்வெளியிலிருந்து இறங்கும் மின்னோட்டம், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் கிடைமட்டமாக ஓடி, மறுபடியும் மேலே ஏறிப் போகிறது. நம்ம பாஷையில் சொன்னா, வானத்தில் ஒரு முழு சர்க்யூட்.

இதற்கெல்லாம் பணம் வேணுமே! மின்காந்த பீரங்கி ஒன்றைச் செய்து 1903-ல் மக்கள் முன் காட்டினார். அது ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பொறி பறந்தது. அந்த மின்பொறியை வைத்தே, காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் தயாரிக்கும் முறையை சாம் எய்டே என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். அதிலிருந்து 1905-ல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது.

ஆனால் அரோரா விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. பிரிட்டனின் சிட்னி சாப்மன், மின்னோட்டம் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று வாதாடினார். தரையில் இருந்து அளக்கும் கருவியால் மட்டும் யார் சொல்வது சரி என்று முடிவு செய்ய முடியாது. மேலே போய்த்தான் பார்க்கணும். அதற்கு அன்று வழியில்லை. 1917-ல் டோக்கியோவில், 49 வயதில், பிர்க்லாந்து காலமானார்.

1960-களில் செயற்கைக்கோள் ஒன்று துருவப் பகுதிக்கு மேலே அளந்தபோது அந்த மின்னோட்டம் அங்கே இருந்தது. இன்று அதன் பெயரே பிர்க்லாந்து மின்னோட்டம்.

தன் கருத்து ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அளவீட்டையும் ஒழுங்காகப் பதிவு செய்து, புத்தகமாகவும் வெளியிட்டுவிட்டுத்தான் போனார். நாம் இன்று கவனமாகக் குறித்துவைக்கும் ஓர் எண், ஐம்பது வருஷம் கழித்து யாருக்கோ விடையாக இருக்கலாம். அதனால, லேப் ரிப்போர்ட்டை ஏனோதானோவென்று எழுதாதீங்க நண்பர்களே!