கட்டடத்தைக் கண்ட கண்: லூசியா மொஹோலி அம்மையார்

ஜெர்மனி நாட்டில் டெஸ்ஸாவ் என்றொரு நகரம். அங்கே பௌஹவுஸ் என்னும் கலைப் பள்ளிக்காக 1926-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் உலகப் புகழ் பெற்றது. கட்டடக் கலை பயில்வோர் எந்த நாட்டவராயினும் தட்டையான கூரையையும், மூன்று மாடி உயரத்துக்குத் திரைபோல் தொங்கும் கண்ணாடிச் சுவரையும் பாடநூலில் பார்த்திருப்பர். கட்டியவர் வால்டர் குரோப்பியஸ் என்பதையும் அறிந்திருப்பர். அந்தப் படங்களை எடுத்த பெண்மணியின் பெயரோ நெடுங்காலம் பலருக்குத் தெரியாமலே இருந்தது. அவருடைய வரலாற்றை இங்கே காண்போம்.

லூசியா 1894-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் பிராகு நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பதினெட்டு வயதிலேயே ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியைத் தகுதி பெற்றார். பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கலை வரலாறும் பயின்றார். பின் ஜெர்மனிக்குச் சென்று பதிப்பகங்களில் கையெழுத்துப் படிகளைச் செப்பனிடும் பணியில் அமர்ந்தார். அங்கே பெர்லினில் ஹங்கேரிய ஓவியர் லாஸ்லோ மொஹோலி-நாகியைச் சந்தித்து, 1921-இல் தம் பிறந்த நாளன்றே அவரை மணந்தார். அந்நாளில் கணவருக்கு நிலையான வருவாய் இல்லை; மனைவியின் சம்பளமே குடும்பத்தைத் தாங்கியது. கணவர் எழுதிய நூல்களின் ஜெர்மன் நடையைத் திருத்திக் கொடுத்ததும் இவரே. கேமரா இல்லாமல், ஒளியுணரும் தாளின் மேல் பொருள்களை வைத்து நிழலுருவம் எடுக்கும் முறையில் இருவரும் சேர்ந்தே சோதனைகள் செய்தனர். அவை கணவர் பெயரிலேயே வெளிவந்தன.

1923-இல் கணவருக்குப் பௌஹவுஸில் ஆசிரியர் பதவி கிடைத்தது. பள்ளி அப்போது வைமார் நகரில் இருந்தது. லூசியா அம்மையார் சும்மா இருக்கவில்லை. அவ்வூரில் ஒரு புகைப்பட நிலையத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். முப்பது வயதை நெருங்கும் ஒரு படித்த பெண், இருட்டறையில் மருந்து கலக்கக் கற்றுக்கொள்ளும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்! பிறகு லைப்ஸிக் நகரக் கலைக்கழகத்திலும் பயின்று தேர்ந்தார். 1925-இல் பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம் மாறியபோது, புதிய கட்டடத்தையும், அருகே பைன் மரங்களுக்கிடையே எழும்பிய ஆசிரியர் வீடுகளையும் படமெடுக்கும் பொறுப்பை அவரே ஏற்றார். பள்ளியின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இன்று விரலால் தொட்டால் படம் விழுகிறது; நூறு எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்துவிடலாம். அம்மையாரின் கருவியோ முக்காலி மேல் நிறுத்த வேண்டிய பெரிய மரக் கேமரா. அதனுள் 18 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட கண்ணாடித் தகடு ஒன்றைச் செருக வேண்டும். ஒரு தகட்டுக்கு ஒரே படம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால், பின்புறக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். கூரை கீழே, வானம் அதற்கும் கீழே! வாசல் வாசலாகவும் மாடி மாடியாகவும் தெரியாமல், கோடுகளும் கட்டங்களும் வெண்மையும் கருமையுமாகவே கண்ணில் படும். அந்தத் தலைகீழ்க் காட்சியே அம்மையாருக்கு நல்ல ஆசானாக இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்னும் ஓரடி இடப்புறம் நகர்ந்தால் இந்தக் கோடு அந்தக் கோட்டைச் சந்திக்கும். சற்றுக் கீழிறங்கினால் வானம் மிகும். இதற்கெல்லாம் அளவுகோல் கிடையாது. கண் போதும் என்று சொல்லுமிடத்தில் நின்று மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

அவர் எடுத்தவற்றுள் ஒரு படத்தைச் சொல்வோம். நுழைவு மண்டபத்துச் சன்னலுக்கு உள்ளே நின்று, அதன் வழியே எதிரிலுள்ள தொழிற்கூடப் பகுதியை நோக்கி எடுத்தது அது. அருகில் சன்னற் சட்டம். தொலைவில் எதிர்க்கட்டடத்தின் கண்ணாடிச் சுவர். முழுக் கட்டடமும் படத்தில் இல்லை. ஆயினும் கண்ணாடியும் எஃகும் கொண்டு உள்ளும் புறமும் ஒன்றாகத் தோன்றும்படி கட்டப்பட்டது இது என்பதை அந்தச் சிறு பகுதியே சொல்லிவிடுகிறது. ஊர்வலம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முயன்று எறும்புக் கூட்டம்போல் எடுத்துவிடுவோர் உண்டல்லவா? அவர்கள் காண வேண்டிய படம் இது. மனிதர் முகங்களையும் அம்மையார் இவ்வாறே அணுகினார். 1927-இல் புகைப்படக் கலைஞர் புளோரன்ஸ் ஹென்றியை எடுத்த படத்தில் முகமே சட்டத்தை நிறைத்து நிற்கும்.

1928-இல் தம்பதியர் டெஸ்ஸாவை விட்டுப் பெர்லினுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டே பிரிந்தனர். அம்மையார் அங்கு ஒரு கலைப் பள்ளியில் புகைப்படம் கற்பித்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், அம்மையாரின் நண்பரான பொதுவுடைமைக் கட்சிப் பிரமுகர் தியோடோர் நொய்பவர் அம்மையாரின் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். யூதப் பெண்ணாகிய அவர் இனி அங்கே தங்குவது எப்படி? உடனே நாட்டை விட்டு வெளியேறினார். சுமார் 560 கண்ணாடி நெகட்டிவ்களைத் தூக்கிக்கொண்டு எல்லை கடப்பது இயலாத காரியம். அவை முதலில் மொஹோலி-நாகியிடமும், அவர் பெர்லினை விட்டு நீங்கியபின் குரோப்பியஸிடமும் இருந்தன.

பிராகு, வியன்னா, பாரிஸ் வழியாக 1934-இல் லண்டனை அடைந்தவர் முகப்படங்கள் எடுத்துப் பிழைத்தார். புகைப்படக் கலையின் நூறாண்டு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1939-இல் ஆறு பென்ஸ் விலையில் வந்த அந்தச் சிறு நூல் 40,000 படிகள் விற்றது. போர்க் காலத்தில் அறிவியல் ஏடுகளை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்து காக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். பிறருடைய ஏடுகள் அழியாமல் காத்தவருக்குத் தம் தகடுகள் எங்கே என்று தெரியவில்லை. குண்டுவீச்சில் அழிந்திருக்கும் என்றே எண்ணினார்.

அவை அழியவில்லை. குரோப்பியஸின் வீட்டுச் சாமான்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தன. 1938-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை நடத்திய பௌஹவுஸ் கண்காட்சியின் நூலில் அம்மையாரின் படங்கள் ஏறத்தாழ ஐம்பது இடம்பெற்றன. எடுத்தவர் பெயர் இல்லை. ஆண்டு மலர்களில் குழுப் படத்தின் கீழே, நிற்பவர் இடமிருந்து வலம் என்று ஒருவர் விடாமல் பெயர் அச்சிடுவார்கள். படம் எடுத்தவருக்கென ஒரு வரி ஒதுக்குவது அபூர்வம். அந்த வழக்கம் பெரிய இடங்களிலும் உண்டு போலும்!

1950-களில் உண்மை தெரிந்ததும் அம்மையார் குரோப்பியஸுக்குக் கடிதம் எழுதினார். அவர் தகடுகளைத் திருடினார் என்று சொல்வது நியாயமாகாது. நெருக்கடியான காலத்தில் அவை உடையாமல் காப்பாற்றப்பட்டது அவரால்தான். ஆனால் அவை தமக்கே அளிக்கப்பட்டவை என்று அவர் கருதியதும், சொற்பொழிவுகளுக்குத் தேவை எனத் திருப்பித் தரத் தயங்கியதும் எவ்வாறு பொருந்தும்? பழைய நட்பு கெடுமே என்று அம்மையார் விட்டுவிடவில்லை. வழக்கறிஞரை அமர்த்தினார். கடிதங்கள் போயின, வந்தன. 1957-இல் 230 தகடுகள் கைக்கு வந்தன.

1959-இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, எழுத்துப் பணியோடு அங்கேயே வாழ்ந்தார். 1972-இல் வெளியிட்ட நூலில், கணவரோடு செய்த வேலைகளில் தம் பங்கு எது என்பதை அமைதியாகவும் திட்டமாகவும் குறித்தார். 1989-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். அவருடைய படங்களும் ஆவணங்களும் பெர்லின் பௌஹவுஸ் காப்பகத்தில் உள்ளன. 2024-இல் அவர் பிறந்த பிராகு நகரில் அவருக்கெனத் தனியாக ஒரு பெரிய கண்காட்சி நடைபெற்றது. திரும்பி வராத 330 தகடுகளையும் அம்மையார் தம் கையாலேயே பட்டியலிட்டு வைத்திருந்தார்.